வேதாளத்தைச் சுமக்கும் ராஜா

மேலூர்ப் பக்கம் நான் பணியாற்றும் நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனை வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான்; வாய் திறக்கமாட்டான். எழுத்துக் கூட்டுவதில் தடுமாற்றம். அதைவிட, மற்றவர்கள் சிரிப்பார்களே என்ற பயம்.

மதுரையில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய அம்புலிமாமாவை ஒருநாள் கொண்டுபோனேன். 1947இல் தொடங்கிய இதழ் அது. 1952இல் அதில் சேர்ந்தவர் ஓவியர் சங்கர் என்ற கே.சி.சிவசங்கரன். அவர் வரைந்த விக்கிரமன் வேதாளம் படத்தை மட்டும் காட்டி, கதையைத் தாளால் மறைத்தேன். கையில் வாள், தோளில் பிணம்.

“இதில் யாருக்குப் பயம்?” என்றேன்.

“ராஜாவுக்கு” என்றார்கள். மறுபடி பார்க்கச் சொன்னேன். நிமிர்ந்த தலை, உறுதியாக எடுத்து வைத்த அடி. அந்தக் கோடுகளில் பயமே இல்லை.

அப்போதுதான் அவன் குரல் வந்தது: “பொணம் சொகுசாப் போகுது சார். நடக்கிறது ராஜாதான். இதுல கதை வேற கேக்கணும்!”

வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

சுடுகாட்டுப் படத்தின் வேடிக்கையே அதுதான். பேய் மிரட்டவில்லை, கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் வேதாளம் முருங்கைமரம் ஏறிவிடும். (நம் கேள்விகளும் சில பிள்ளைகளுக்கு இப்படித்தான் இருக்குமோ என்னவோ.)

ராஜா மனதில் ஓடுவதை எழுதச் சொன்னேன். அவன் இரண்டு வரி எழுதினான். ‘முருங்கை’யில் று போட்டிருந்தான். அன்று திருத்தவில்லை. எழுந்து, தானே வாசித்தான்.