மனு அதே மேசைக்குத் திரும்பாமல் இருக்க

போடியில் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர்களுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் அரசு ஆஸ்பத்திரிதான் கதி. அங்கே ஏதாவது பிசகினால் பலரும் திங்கள்கிழமை தேனி ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறார்கள். அந்த மனு படிப்படியாகக் கீழிறங்கி, எந்த ஆஸ்பத்திரி மேல் புகாரோ அங்கேயே விளக்கத்துக்குப் போய் நிற்பதுண்டு. “உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது” என்று ஒரு வரி பதில் வரும். கோப்பு மூடப்படும். விளக்கம் கேட்பதில் தப்பில்லை. விளக்கமே தீர்ப்பாகிவிடக் கூடாது. சம்பந்தப்படாத ஒருவர் விசாரிக்க வேண்டுமென்றால் அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. மலைக்கு எந்தப் பக்கம் நடந்தது என்று பாருங்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் எல்லாம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் நடந்ததற்குக் கேரள சுகாதாரத் துறையிடமும் கேரள மனித உரிமை ஆணையத்திடமும்தான் போக வேண்டும். ரேஷன் கார்டு போடியில் இருப்பது இதை மாற்றாது. அங்கே முதலுதவி, இங்கே சிகிச்சை என்றால் இரண்டு மனுக்கள் தனித்தனியாக எழுதுங்கள்.

2. யாருக்குக் கீழுள்ள ஆஸ்பத்திரி என்று தெரிந்துகொள்ளுங்கள். போடி தாலுகா அரசு மருத்துவமனைக்கு மேலே இருப்பவர் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன், அவருக்கு மேலே சென்னையில் மருத்துவக் கல்வி இயக்ககம். முகவரி மாறினால் மனு துறை துறையாக அலையும்.

3. கேஸ் ஷீட் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளியோ அவர் சார்பில் உரிமையுள்ளவரோ கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பியுங்கள். பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

4. மனுவில் இந்த வரி கட்டாயம் இருக்கட்டும்: “இந்த மருத்துவமனையைச் சேராத மருத்துவர்களைக் கொண்டு விசாரிக்கவும், என் வாக்குமூலத்தைப் பதிவு செய்யவும், விசாரணை அறிக்கையின் நகலை எனக்குத் தரவும் வேண்டுகிறேன்.” பிறகு அறிக்கை கேட்கும்போது இந்த வரிதான் பிடிமானம்.

5. நேரங்களை எழுதுங்கள். தோட்டத்திலிருந்து கிளம்பியது, 108 வந்தது, ஓ.பி. சீட்டு போட்டது, டாக்டர் பார்த்தது, மேல்சிகிச்சைக்கு அனுப்பியது. “கவனிக்கவே இல்லை” என்ற புகாரை மறுப்பது எளிது. “இரவு 8 மணிக்குச் சேர்த்தோம், 11 மணிக்குத்தான் டாக்டர் வந்தார்” என்பதற்குப் பதிவேட்டைப் புரட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

6. என்ன வேண்டும் என்று தீர்மானித்து, வெளியே உள்ள வாசலைத் தட்டுங்கள். மருத்துவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமா? தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். அது எச்சரிக்கலாம், பதிவிலிருந்து பெயரை நீக்கலாம்; இழப்பீடு வாங்கித் தராது. அரசு ஊழியரின் அலட்சியத்தால் உரிமை பறிபோனதா? மாநில மனித உரிமை ஆணையம். கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, தபாலில் அனுப்பினாலே போதும். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருக்கிறது. பாதிப்பு பெரிதென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. சாத்தூர் அரசு மருத்துவமனையில் 2018 டிசம்பரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட விவகாரத்தில், 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது அந்தக் கிளைதான்.

7. பிரசவத்தில் தாய் இறந்திருந்தால், ஆட்சியர் நடத்தும் தாய் மரண ஆய்வில் உறவினர் பேச இடமுண்டு. அழைப்பு வரவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

8. இலவச சட்ட உதவியைப் பயன்படுத்துங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், முதுவர், பளியர் போன்ற பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

செய்யக்கூடாதவை

1. ஒரிஜினல் சீட்டுகளைக் கொடுத்துவிடாதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

2. 104க்கோ 1100க்கோ போன் பண்ணியதோடு நிறுத்தாதீர்கள். புகார் எண்ணைக் குறித்து வைத்து, கையோடு எழுத்து மனுவும் அனுப்புங்கள்.

3. ஒரே நாளில் எல்லா ஆணையத்துக்கும் அனுப்பாதீர்கள். வேறொரு ஆணையத்தில் நிலுவையில் உள்ளதை மனித உரிமை ஆணையம் எடுக்காது.

4. கெடுவைத் தவறவிடாதீர்கள். மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டு, நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு. ஆனால் எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி மேல் நுகர்வோர் வழக்கு நிற்காது என்பது 1995ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு; பணம் கட்டியிருந்தால் வக்கீலைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

5. ஏலக்காய் விற்ற காசை வக்கீலுக்குக் கொடுத்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷனில் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பாதீர்கள். மருத்துவர் மேல் குற்ற வழக்கு நடத்துமுன் சுயேச்சையான மருத்துவக் கருத்து வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

6. வார்டில் கை ஓங்காதீர்கள், கண்ணாடியை உடைக்காதீர்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஜாமீனில் வர முடியாத குற்றம். புகார் கொடுக்க வந்தவர் குற்றவாளியாகிவிடுவார்.

7. நர்ஸின் படத்தை வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். டாக்டர் பணியிடம் காலியாக இருந்ததா, மருந்து இல்லையா என்றும் பாருங்கள். பல நேரம் தவறு வார்டில் நின்றவருடையது அல்ல.

8. லஞ்சப் புகாரைச் சிகிச்சைப் புகாரோடு குழப்பாதீர்கள். அது லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தனியாகப் போகட்டும்.

9. “நாளைக்கும் இதே ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும்” என்று பின்வாங்காதீர்கள். மனு கொடுத்தவருக்குச் சிகிச்சை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. அப்படி மறுத்தால் அதுவே அடுத்த புகார்.

10. பதில் கடிதம் வந்ததும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். விசாரித்தவர் யார்? எந்த ஆவணத்தைப் பார்த்தார்? உங்களைக் கூப்பிட்டுக் கேட்டாரா? மூன்றுக்கும் கடிதத்தில் விடையில்லை என்றால் இன்னும் விசாரணை நடக்கவில்லை. அந்தக் கடிதத்தையே இணைத்து அடுத்த வாசலுக்கு எழுதுங்கள்.