பலசாலி அட்டை எது? – ஓர் ஆய்வு

(பதினொன்றாம் வகுப்பு மாணவியர்)



காலாண்டுத் தேர்வுக்கு முந்திய வாரத்தில் நம் பள்ளி வேப்பமரத்தடியில் ஒரு சிறு வியாபாரம் நடந்தது. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி தன் கட்டிலிருந்த ஒன்பது போக்கிமான் அட்டைகளைக் கொடுத்துவிட்டு, பளபளக்கும் ஒரே ஓர் அட்டையை வாங்கிக்கொண்டாள். அதில் இருந்தது நெருப்பைக் கக்கும் சாரிசார்ட். "எல்லாவற்றிலும் பலசாலி இதுதான்" என்று சொல்லி அதைக் கொடுத்தவள் எங்கள் வகுப்பு மாணவி. மறுநாள் மிச்சமிருந்த அட்டைகளோடு விளையாட உட்கார்ந்த தங்கையால், அந்தப் பலசாலியை ஆட்டத்தில் இறக்கவே முடியவில்லை. விசும்பிக்கொண்டே வகுப்புக்குப் போனாள்.

செய்தி எங்கள் கணித ஆசிரியையின் காதுக்கு எட்டியது. அவர் அட்டைகளைப் பிடுங்கவுமில்லை, எங்களைத் திட்டவுமில்லை. "பலசாலி என்று சொன்னீர்களே, அதைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னார். நாங்கள் ஐவர் ஒரு வாரம் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து போட்ட கணக்கே இக்கட்டுரை.

விளையாட்டின் வரலாறு

அட்டைகளைச் சேர்க்கவும், ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளவும், அவற்றைக் கொண்டே விளையாடவும் கூடிய ஆட்டத்தை 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு. அவர் ஒரு கணித அறிஞர் என்பது நம் கவனத்திற்குரியது. அவருடைய ஆட்டத்தின் பெயர் மேஜிக். ஜப்பானில் சிறு வயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் ஆசை கொண்டிருந்த சதோஷி தாஜிரி என்பவர், அந்த ஆசையையே கருவாகக் கொண்டு 1996-இல் போக்கிமான் என்ற மின்னணு விளையாட்டைப் படைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் அது ஜப்பானில் அட்டை விளையாட்டாகவும் வந்தது. 1999 ஜனவரியில் ஆங்கில அட்டைகள் வெளியாயின. அந்த ஆங்கில முதல் தொகுப்பில் மொத்தம் 102 அட்டைகள்: 69 உயிரின அட்டைகள், 26 பயிற்சியாளர் அட்டைகள், 7 ஆற்றல் அட்டைகள்.

எங்கள் தோழி ஒருத்தியின் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பெட்டியில் இருந்தவை இந்த முதல் தொகுப்பு அட்டைகளே. ஆகவே எங்கள் ஆய்வும் அவற்றைப் பற்றியதே.

சில விதிகள்

ஒருவரிடம் 60 அட்டைகள் கொண்ட கட்டு இருக்க வேண்டும். ஆற்றல் அட்டைகளில் அடிப்படை வகைகள் நீங்கலாக, ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் கூடாது. தொடக்கத்தில் ஏழு அட்டைகளை எடுக்கிறோம். உயிரினம் அடிப்பதற்கு ஆற்றல் அட்டை வேண்டும். ஒரு முறைக்கு ஓர் ஆற்றல் அட்டையைத்தான் சேர்க்கலாம். ஒவ்வோர் உயிரினத்துக்கும் உயிர்ப்புள்ளி உண்டு. அந்த அளவுக்கு அடி விழுந்தால் அது வீழ்ந்தது. எதிரியின் உயிரினம் ஒன்றை வீழ்த்தினால் நமக்கு ஒரு பரிசு அட்டை. ஆறு பரிசு அட்டைகளை முதலில் எடுத்தவர் வென்றவர்.

சில உயிரினங்களை நேரடியாக இறக்க முடியாது. சாரிசார்ட் வேண்டுமானால் முதலில் சார்மேண்டர் என்ற குட்டியை வைத்து, அடுத்த முறையில் அதன்மேல் சார்மீலியனை வைத்து, அதற்கும் அடுத்த முறையில்தான் சாரிசார்டை வைக்கலாம். நம் தங்கையின் கண்ணீருக்குக் காரணம் இதுதான். அவளிடம் சாரிசார்ட் இருந்தது, குட்டிகள் இல்லை. மாடிப்படி இல்லாத வீட்டில் மேல்மாடியை மட்டும் விலைக்கு வாங்கியது போலாயிற்று அவள் நிலை.

முதல் கணக்கு: அச்சிட்ட எண்

அட்டையின் மேல் அச்சிட்ட எண்களை மட்டும் பார்த்தால் சாரிசார்டுக்கே முதலிடம். உயிர்ப்புள்ளி 120. தீச்சுழல் என்ற அதன் அடி 100. நீர் ஆமையான பிளாஸ்டாய்ஸுக்கு உயிர்ப்புள்ளி 100. மின்சார வகையான எலெக்டபஸுக்கும், குத்துச்சண்டைக்காரனான ஹிட்மன்சானுக்கும் 70 மட்டுமே.

ஆனால் அதே 120 உயிர்ப்புள்ளி இன்னோர் அட்டைக்கும் உண்டு. அது முட்டையைச் சுமந்து நிற்கும் சான்ஸி. அதை யாரும் பலசாலி என்று சொல்வதில்லை. நான்கு ஆற்றல் அட்டைகளைக் கொடுத்தால் அது 80 அடிக்கும். ஆனால் தனக்கும் 80 அடி வாங்கிக்கொள்ளும். ஆகவே ஓர் எண்ணை மட்டும் வைத்துத் தரம் சொல்ல முடியாது என்பது முதல் நாளே விளங்கிவிட்டது.

இரண்டாம் கணக்கு: காலம்

தீச்சுழலுக்கு நான்கு ஆற்றல் அட்டைகள் வேண்டும். அடித்தபின் அவற்றில் இரண்டை எறிந்துவிட வேண்டும். ஹிட்மன்சானோ குட்டி நிலை எதுவும் இல்லாமல் நேரே இறங்கும். ஓர் ஆற்றலுக்கு 20 அடிக்கும். மூன்று ஆற்றலுக்கு 40 அடிக்கும். எதையும் எறிய வேண்டியதில்லை.

இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கி, முறைக்கு ஓர் ஆற்றல் அட்டை வீதம் சேர்த்து, விழுந்த அடிகளைக் கூட்டிக்கொண்டே வந்தோம். சாரிசார்டுக்கு வேண்டிய அட்டைகள் எல்லாம் தவறாமல் கைக்கு வந்துவிட்டன என்றும், குட்டி சார்மேண்டர் முதல் முறையில் 10 அடித்தது என்றும் அதற்குச் சாதகமாகவே வைத்துக்கொண்டோம்.

1-ஆம் முறை: சாரிசார்ட் வழி 10, ஹிட்மன்சான் 20
2-ஆம் முறை: சாரிசார்ட் வழி 10, ஹிட்மன்சான் 40
3-ஆம் முறை: சாரிசார்ட் வழி 10, ஹிட்மன்சான் 80
4-ஆம் முறை: சாரிசார்ட் வழி 110, ஹிட்மன்சான் 120
5-ஆம் முறை: சாரிசார்ட் வழி 110, ஹிட்மன்சான் 160
6-ஆம் முறை: சாரிசார்ட் வழி 210; ஹிட்மன்சான் 200

ஐந்து முறைகள் வரை சிறியவனே முன்னே நிற்கிறான். ஆறாவதில்தான் பெரியவன் முந்துகிறான். அதற்குள் எதிரி ஆற்றலை நீக்கும் பயிற்சியாளர் அட்டை ஒன்றைப் போட்டுவிட்டால் பெரியவனின் கணக்கு இன்னும் ஒரு முறை தள்ளிப்போகும்.

மூன்றாம் கணக்கு: கைக்கு வருதல்

எல்லா அட்டைகளும் தவறாமல் கைக்கு வருமா? இங்கே இவ்வாண்டு நாம் படித்த சேர்மானங்கள் என்ற பாடம் துணைக்கு வந்தது. 60 அட்டைகளில் நான்கு ஹிட்மன்சான் இருந்தால், முதல் ஏழு அட்டைகளில் ஒன்றேனும் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 40. சார்மேண்டர், சார்மீலியன், சாரிசார்ட் மூன்றிலும் நான்கு நான்கு வைத்தாலும், மூன்றும் முதல் ஏழு அட்டைகளுக்குள் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 5-க்கும் குறைவு. அதோடு, கட்டில் ஹிட்மன்சானுக்கு நான்கு இடம் போதும். சாரிசார்ட் குடும்பத்துக்குப் பன்னிரண்டு இடம் வேண்டும்.

இந்த உண்மையை அக்காலப் போட்டியாளர்களும் கண்டுகொண்டார்கள். ஹிட்மன்சான், எலெக்டபஸ், அடுத்த தொகுப்பில் வந்த சைத்தர் ஆகிய நேரே இறங்கும் உயிரினங்களைக் கொண்டு அமைத்த கட்டு, அந்த நாளில் அஞ்சத்தக்க கட்டாகப் பேர் பெற்றது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது அன்றோ!

நான்காம் கணக்கு: நேருக்கு நேர்

இத்துடன் ஹிட்மன்சானுக்கு முதல் பரிசைக் கொடுத்துவிட்டு நோட்டை மூடப் பார்த்தோம். அப்போது, அட்டையை மாற்றிய அதே தோழி, "இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள்" என்றாள். வைத்துப் பார்த்தோம். எங்கள் கணக்கு எங்களையே கைவிட்டது.

சாரிசார்டின் அட்டையின் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. சண்டை வகை உயிரினம் அடித்தால் அந்த அடியில் 30 குறையும். ஹிட்மன்சான் சண்டை வகை. அவனுடைய 20 ஒன்றுமில்லாமல் போகிறது. 40 வெறும் 10 ஆகிறது. சாரிசார்டின் 100-ஓ அவனுடைய 70 உயிர்ப்புள்ளியை ஒரே அடியில் தீர்த்துவிடுகிறது. வளர்ந்து நின்றுவிட்ட சாரிசார்டை அவனால் அசைக்க முடியாது.

அப்படியானால் சாரிசார்டை வெல்வது யார்? பிளாஸ்டாய்ஸ். நெருப்புக்கு நீர் பகை. நீரின் அடி இரட்டிப்பாகும். பிளாஸ்டாய்ஸுக்கு மழை நடனம் என்ற தனிச் சக்தி உண்டு. அது இருக்கும்வரை ஒரே முறையில் எத்தனை நீர் ஆற்றல் அட்டைகளை வேண்டுமானாலும் நீர் உயிரினங்களுக்குச் சேர்க்கலாம். ஐந்து சேர்ந்தால் அதன் அடி 60. இரட்டித்தால் 120. சாரிசார்டின் உயிர்ப்புள்ளியும் 120. ஒரே அடி!

பிளாஸ்டாய்ஸுக்கு மின்சாரம் பகை. எலெக்டபஸின் 30 அங்கே 60 ஆகிறது. காசு சுண்டித் தலை விழுந்தால் 80. இரண்டு அடிகளில் ஆமை சாய்ந்துவிடும். எலெக்டபஸுக்கு யார் பகை? சண்டை வகை. ஹிட்மன்சானின் 40 அங்கே 80. எலெக்டபஸின் உயிர்ப்புள்ளி 70.

தோழியரே, இந்த நான்கையும் தாளில் எழுதி அம்புக்குறி போட்டுப் பாருங்கள். சாரிசார்ட் ஹிட்மன்சானை வெல்கிறது; ஹிட்மன்சான் எலெக்டபஸை வெல்கிறான்; எலெக்டபஸ் பிளாஸ்டாய்ஸை வெல்கிறது; பிளாஸ்டாய்ஸ் சாரிசார்டை வெல்கிறது. நாங்கள் தேடியது ஏணி; கிடைத்தது வட்டம். வட்டத்தில் முதல் படி ஏது?

தோல் தரம் பிரிப்பவர் சொன்னது

எங்கள் குழப்பத்தை வீட்டில் சொன்னாள் ஒரு தோழி. அவளுடைய தந்தை ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறார். அவர் சிரித்துவிட்டு, "பெருசா இருந்தா ஒசந்த தோலுன்னு யாரும்மா சொன்னது? முதல்ல எதுக்குன்னு கேளு. அப்புறம்தான் தரம்" என்றாராம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலை நம்பி வாழும் ஊர்களின் பிள்ளைகள் நாம். எருமைத் தோல் கனமானது. செருப்பின் அடிப்பாகத்துக்கு அது வேண்டும். ஆட்டுத் தோல் மெல்லியது. காலில் உறுத்தாத உள்பக்கத்துக்கு அது வேண்டும். ஷூவின் மேல்பாகத்துக்கு உண்ணிக் கடியும் முள் கீறலும் கத்தி வெட்டும் இல்லாத இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும். எருமை உயர்ந்ததா, ஆடு உயர்ந்ததா என்று அங்கே யாரும் சண்டை போடுவதில்லை. நம் தாய்மார்கள் பலர் நாள்தோறும் தைக்கும் ஒரு ஜோடி ஷூவிலேயே இத்தனை பாடம் இருக்க, நாங்கள் அதை அட்டைகளில் தேடிக்கொண்டிருந்தோம்.

நம் பாட்டிமார் திண்ணையில் ஆடிய ஆடு புலி ஆட்டமும் இதையே சொல்கிறது. தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாவி வெட்டும். பதினைந்து ஆடுகளும் இடம் பார்த்து நின்றால் மூன்று புலிகளும் நகர வழியின்றி அடைபடும்.

விலையும் வலிமையும்

2022-ஆம் ஆண்டில், முதல் பதிப்பைச் சேர்ந்த சாரிசார்ட் அட்டை ஒன்று, சிறு கீறலும் இல்லாத நிலையில், 4,20,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போயிற்று. அது படத்தின் புகழுக்கும் அட்டையின் அருமைக்கும் கிடைத்த விலை; ஆட்டத்தில் அது பெறும் வெற்றிக்குக் கிடைத்த விலை அன்று.

பிற்காலத்தில் எண்களும் ஏறிக்கொண்டே போயின. 2020-இல் வந்த சாரிசார்ட் வீமேக்ஸ் அட்டைக்கு உயிர்ப்புள்ளி 330. ஆனால் அது வீழ்ந்தால் எதிரிக்கு ஒன்றல்ல, மூன்று பரிசு அட்டைகள். அப்படி இரண்டு வீழ்ந்தால் ஆட்டமே முடிந்தது. பெரிய பலத்துக்குப் பெரிய விலையையும் விதியே வைத்திருக்கிறது.

எங்கள் முடிவு

வரிசை ஒன்று கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்காக, புதிதாக ஆடத் தொடங்கும் தங்கையர் கட்டில் வைக்க ஏற்ற வரிசையைத் தருகிறோம். முதலாவது ஹிட்மன்சான், இரண்டாவது எலெக்டபஸ், குட்டிகளும் போதிய நீர் ஆற்றல் அட்டைகளும் உடையவர்களுக்கு மூன்றாவது பிளாஸ்டாய்ஸ், நான்காவது சாரிசார்ட். 'யாருக்கு, எப்போது, எவரை எதிர்த்து' என்ற மூன்று கேள்விகளில் ஒன்று மாறினாலும் இவ்வரிசை மாறும்.

இனி, விட்ட இடத்துக்கு வருவோம். எங்கள் தோழி அன்று சொன்னது பொய்யன்று. வளர்ந்து நின்ற சாரிசார்ட் பலசாலிதான். ஆனால் குட்டிகள் இல்லாமல் அது பயன்படாது என்பதை அவள் அறிந்திருந்தாள்; தங்கை அறியவில்லை. ஒருவர் அறிந்து ஒருவர் அறியாமல் நடக்கும் மாற்றத்தில் பாதி உண்மையும் ஏமாற்றே. இதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணக்குப் போட்ட ஐவரில் அவளும் ஒருத்தி.

கடைசி நாளன்று அவளே ஒன்பது அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போனாள். எங்கள் நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினாள். தங்கை கவனமாகக் கேட்டாள். சாரிசார்டைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டியவள், பாதியில் நிறுத்தி, "அக்கா, எனக்கு இந்தப் படம் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள். இருவரும் உட்கார்ந்து மறுபடியும் பேசினார்கள். தங்கை ஐந்து அட்டைகளைத் திரும்பப் பெற்றாள். மீதி நான்குக்கு ஈடாக சாரிசார்டை வைத்துக்கொண்டாள். அதனோடு சார்மேண்டரையும் சார்மீலியனையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பேரம் பேசிக் கேட்டது தங்கைதான் என்பதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

வேப்பமரத்தடியில் இப்போதும் அட்டைகள் கை மாறுகின்றன. மாற்றுவதற்கு முன் அட்டையின் கீழே உள்ள சிறிய எழுத்தைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்பது மட்டும் எங்கள் வகுப்பு சேர்த்த புதிய விதி.