கடற்பசுவும் ஆய்வுக்கட்டுரையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வனஉயிரின ஆய்வுக்கட்டுரையைக் களப்பணி முடிந்தபின் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அதன் சட்டகம் படகு ஏறும் முன்பே உருவாக வேண்டும். ‘பாக் விரிகுடாவின் கடற்பசுக்கள்’ என்பது தலைப்பு மட்டுமே, கேள்வி அன்று. ‘மணமேல்குடிக் கரையை ஒட்டிய கடற்புல் படுகைகளில் கடற்பசு மேய்ந்த தடங்கள் எந்த ஆழத்தில் அதிகம்?’ என்பது கேள்வி. இப்படிக் கேட்டவுடனே எதை அளப்பது, எத்தனை இடங்களில், எந்தப் பருவத்தில் என்பதெல்லாம் வரிசைகட்டி வந்துவிடும். முடிவுகளுக்கான அட்டவணையை முன்கூட்டியே வெறுங்கட்டங்களாகப் போட்டு வைத்தவருக்கு, எந்தக் கட்டம் இன்னும் நிரம்பவில்லை என்பது அன்றன்றே தெரியும். ஊர் திரும்பியபின் தெரிந்தால் பயனில்லை.

புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்திலுள்ள மணமேல்குடியை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. அதைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டும் பிழை, ‘நிறைய பார்த்தோம், ஆகவே நிறைய இருக்கின்றன’ என்பது.

கடற்பசுவைக் கண்டதாகக் கிடைக்கும் தகவல்களில் பெரும்பகுதி மீனவர்கள் தருவது. டேராடூனிலுள்ள இந்திய வனஉயிரின நிறுவனம் 2016-இல் தொடங்கிய கடற்பசு மீட்புத் திட்டமும் மீனவத் தன்னார்வலர்களின் பதிவுகளைச் சேகரித்தது. தகவல் நல்லதுதான், ஆனால் யார், எத்தனை நாள், எந்தப் படகில் போனார்கள் என்பது கூடவே வர வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகியவை விசைப்படகுத் துறைகள். பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும், நாட்டுப்படகுகள் மற்ற நாட்களிலும் கடலுக்குப் போவது நீண்டகால ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். உதாரணத்துக்கு, மார்ச்சில் பத்து முறையும் மே மாதத்தில் இரண்டு முறையும் கடற்பசு தென்பட்டதாகப் பதிவு வந்தால், விலங்கு இடம்பெயர்ந்தது என்று எழுதிவிடத் தோன்றும். பார்க்கும் கண்கள் கரையில் இருந்திருக்கலாம். எனவே எண்ணிக்கையோடு ‘இத்தனை படகு-நாளுக்கு இத்தனை’ என்ற விகிதமும், இருவகைப் படகுகளுக்குத் தனித்தனிக் கணக்கும் முறையியல் பகுதியில் இடம்பெற வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தின் விராலிமலை மயில்களுக்கும் இதுவே பொருந்தும்: கோயிலைச் சுற்றி, ஆள் நடமாடும் இடத்தில் மட்டும் எண்ணிவிட்டு மாவட்டம் முழுதும் மயில் பெருகிவிட்டது என்று எழுத முடியாது.

இதன் மறுபக்கம், ‘எதுவும் தென்படவில்லை என்றால் எழுத ஒன்றுமில்லை’ என்ற எண்ணம். கடற்பசு மூச்சுவிடச் சில நொடிகளே மேலே வருகிறது. கலங்கிய நீரில் அருகில் மேய்ந்தாலும் கண்ணில் படாமல் போகும். கண்ணில் படாதது இல்லாமை ஆகாது. தேடிய தூரமும் நேரமும் குறிக்கப்பட்டிருந்தால், வெறும் பூஜ்ஜியமும் பயனுள்ள தரவு. பத்தாண்டு கழித்து வருபவர் ஒப்பிடுவதற்கு அதுவே அடிப்படை. ‘இல்லை’ என்பதைவிடப் ‘பதிவாகவில்லை’ என்பதே நேர்மையான சொல்.

கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வரிசையாக எழுத வேண்டும் என்பதும் தவறு. வாசகர் படிப்பது முன்னுரை, முறைகள், முடிவுகள், விவாதம் என்ற வரிசையில். எழுதுபவருக்கு முறைகளில் தொடங்குவது எளிது, நினைவு மங்குமுன் அதை எழுதிவிடலாம் என்பதால். அடுத்து அட்டவணைகள், வரைபடங்கள், அவற்றைச் சொல்லாக்கும் முடிவுகள். விவாதம் அதன்பின். என்ன கண்டோம் என்பது தெளிவானபின் முன்னுரை தானாகக் குறுகும். சுருக்கமும் தலைப்பும் கடைசி வேலை.

கடின நடைதான் அறிவியல் நடை என்று எண்ணி, ‘பார்த்தோம்’ என்பதை மூன்று வரிக்கு நீட்டுவோர் உண்டு. மதிப்பீட்டாளர்கள் இதை ரசிப்பதில்லை. உள்ளூர்ப் பெயர்களைத் தவிர்ப்பதும் தேவையற்றது. கடற்பசுவை மீனவர் ‘ஆவுளியா’ என்று அழைப்பதை அறிவியல் பெயரோடு ஒருமுறை குறித்துவிட்டால், நேர்காணலில் எந்த விலங்கைப் பற்றிக் கேட்டார்கள் என்ற ஐயம் எழாது.

துல்லியம் என்றால் எல்லா இடக்குறிப்பையும் அச்சிடுவது என்பதும் பிழையான புரிதலே. கடற்பசு 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. தாயும் கன்றும் மேயும் படுகையின் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே வெளியிடுவது வலை விரிப்பவருக்கு வழி காட்டுவதாகும். கட்டமிட்ட பெரிய வரைபடம் போதும். துல்லியத் தரவு வனத்துறையிடம் இருக்கலாம். அந்த அட்டவணையில் உள்ள உயிரைப் பிடித்து அளவெடுக்கும் ஆய்வுக்கு முன்கூட்டியே எழுத்து அனுமதி தேவை. அனுமதி எண்ணைக் கேட்கும் ஆய்விதழ்கள் பல. களப்பணிக்குப் பின் வாங்கிக்கொள்ளலாம் என்பது இங்கே செல்லாது.

வெளிநாட்டு ஆய்விதழில் வந்தால்தான் மதிப்பு என்பது கடைசி நம்பிக்கை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழ் 1886 முதல் வருகிறது. கோவையிலிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா’ யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடியது. மணமேல்குடிக் கடற்புல்லைப் பற்றிய கட்டுரை, அந்தக் கடலோரத்தைக் காக்கும் வன அலுவலர் திறந்து படிக்கக்கூடிய இடத்தில் இருப்பது நல்லது.