புதுமனையும் ஓதமும்

புதிதாக வீடு கட்டிக் குடிபுகுவோர், முதல் மழைக்காலம் கழிவதற்குள் அலமாரியின் பின்புறச் சுவரில் கரும்புள்ளிகளைக் கண்டு திகைப்பதுண்டு. பூசணம் பழைய வீட்டிற்கன்றோ உரியது, நேற்றுக் கட்டிய சுவரில் அஃது எங்ஙனம் வந்தது என்று அவர்கள் வியப்பர். உண்மையில், புதுச்சுவரே நீர் மிகுதியும் உடையது.

சிமெண்டு மூட்டை ஒன்று 50 கிலோ எடையுள்ளது. அதனைக் குழைக்க ஏறத்தாழ 25 லிட்டர் நீர் வேண்டும். அந்நீரில் பாதியளவே சிமெண்டுடன் கூடி இறுகுகின்றது. எஞ்சியது நுண்துளைகளில் தங்கிவிடுகின்றது. செங்கற்களையும் நீரில் நனைத்தே கொத்தனார் அடுக்குகின்றார். கட்டிய பின்னரும் ஏழு நாட்களுக்குக் குறையாமல் நீர் தெளிக்கின்றனர். இவை யாவும் சுவரின் உறுதிக்கு இன்றியமையாதவை. குறைகூறத் தக்கவை அல்ல. ஆனால், அவ்வாறு ஊட்டிய நீர் வெளியேறப் பல மாதங்கள் ஆகும். குடிபுகும் நாள் நெருங்கிற்று என்று விரைந்து வண்ணம் பூசிவிட்டால், ஈரம் உள்ளேயே அடைபடுகின்றது. பின்னர் வண்ணம் கொப்புளித்து உரிகின்றது. சில இடங்களில் வெண்மையாக உப்புப் பூக்கின்றது.

பூசணம் ஓர் உயிர். அதன் வித்துக்கள் கண்ணுக்குப் புலப்படாதவை. காற்றில் எங்கும் மிதப்பவை. 1928ஆம் ஆண்டு இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்ததும், அவருடைய ஆய்வுத் தட்டில் அத்தகைய பூசணம் தானாக வளர்ந்தமையால்தான். வித்துக்களை அறவே விலக்க ஒருவராலும் இயலாது. அதற்கு உணவாகும் மரமும் தாளும் தூசியும் எவ்வீட்டிலும் உண்டு. குறைக்கக்கூடியது ஈரம் ஒன்றே. ஆதலின், கரும்புள்ளியின்மேல் புதுவண்ணம் பூசி மறைப்பது வீண்செலவு.

ஈரம் எங்கிருந்து வருகின்றது என்று அறிவதே முதற்பணி. ஓதம் சுவரின் அடியில் மட்டும் காணப்படின், பெரும்பாலும் அது நிலத்திலிருந்து ஏறுவது. கூரையை ஒட்டிக் காணப்படின், மாடித்தளத்தில் நீர் தேங்குகின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஐயம் நீங்காவிடின் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி இரண்டொரு நாள் விட்டுவைத்தல் வேண்டும். தாளின் உட்புறத்தில் நீர் அரும்பினால் ஈரம் சுவரினுடையது. வெளிப்புறத்தில் அரும்பினால் அறைக் காற்றினுடையது. பின்னதாயின் சாளரங்களைத் திறந்து, அலமாரியைச் சுவரினின்று சிறிது தள்ளி வைத்தல் நலம்.

பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தலாகாது. வித்துக்கள் பறந்து பரவும். ஆஸ்துமா நோயுடையோர்க்கு அது பெருந்தீங்கு. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, அவ்விடத்தை நன்கு உலர்த்துதல் வேண்டும்.

கட்டும்போது ஊட்டிய நீர் ஒருமுறையோடு ஒழியும். மழைநீரோ ஆண்டுதோறும் வரும். அது புகுந்தபின் வெளியேற வழியில்லையாயின் என்னாகும் என்பதனைக் கனடா நாட்டின் வான்கூவர் நகரம் கண்டது. மழை மிகுந்த அந்நகரிலும் சுற்றுப்புறங்களிலும் 1980களிலும் 1990களிலும் மரச்சட்டங்களால் அடுக்குமாடி வீடுகள் பல எழுந்தன. அவற்றுட் பலவற்றில் சுவரைக் காக்கும் இறவாரம் இல்லை. வெளிச்சுவரோ இறுகப் பூசப்பட்டிருந்தது. சாளர விளிம்புகளின் இடுக்குகள் வழியே புகுந்த நீர், திரும்ப வழியின்றித் தங்கிற்று. சில ஆண்டுகளிலேயே சட்டங்கள் உளுத்தன. சேமிப்பெல்லாம் கொடுத்து வீடு வாங்கியோர், அதனைச் செப்பனிடவும் கடன்பட நேர்ந்தது. 1998ஆம் ஆண்டு மாகாண அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அங்குப் பின்னர் எழுந்த கட்டடங்களில் வெளிப்பூச்சிற்கும் உட்சுவருக்கும் இடையே சிறு இடைவெளி விடலாயினர். மழைநீர் உட்புகுந்தாலும் அவ்விடைவெளியில் வடிந்துவிடுகின்றது. காற்று நுழைந்து சுவரை உலர்த்துகின்றது.