கண்ணில் படும் மீன், கடிக்காத மீன்

கேள்வி: மிச்சிகன் ஏரியின் ஆழமில்லாத விரிகுடா ஒன்றில், கயாக்கில் இருந்தபடி ஃப்ளை தூண்டிலால் கார்ப் பிடிக்கக் காலை முழுவதும் முயன்றேன். சுற்றிலும் மீன்கள் திரிந்தன, ஒன்றும் சிக்கவில்லை. ஏன்?
– வாசகர், மிச்சிகன்

பதில்: கார்ப் மீனுக்குச் செவி மிகக் கூர்மை. அதன் காற்றுப்பையையும் உட்செவியையும் சின்னஞ்சிறு எலும்புகளின் தொடர் இணைக்கிறது. துடுப்பு கயாக்கில் ஒருமுறை இடித்தாலே கூட்டம் கலைந்துவிடும். நீங்களோ நீர்மட்டத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். மீன் உங்களை உணர்ந்த பிறகுதான் அது உங்கள் கண்ணில் படுகிறது.

திரியும் மீனெல்லாம் இரை தேடும் மீன் அல்ல. நேராக நீந்திப் போவதை விட்டுவிடுங்கள். தலையைத் தாழ்த்தி, வாலை உயர்த்திச் சேற்றைக் கிளறுகிறதே, அதற்குத்தான் குறிவைக்க வேண்டும். இறகும் நூலும் கட்டிய பொய்யிரையை அதன் தலைமேல் போடாமல், சற்று முன்னால் போட்டுத் தரையில் இறங்க விடுங்கள்.

இன்னொன்று: கார்ப் கவ்வாது, உறிஞ்சும், பிடிக்காவிட்டால் நொடியில் துப்பிவிடும். கையில் ஓர் இழுப்பும் தெரியாது. அன்று சில மீன்கள் உங்கள் இரையை எடுத்தும் இருக்கலாம். ஆகவே மீனின் தலையையே கவனியுங்கள்.

1870களில் அமெரிக்க அரசின் மீன் ஆணையமே உணவுக்காக ஜெர்மனியிலிருந்து தருவித்த மீன் இது. இன்று அதைக் குப்பைமீன் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு எச்சரிக்கையான மீன் மரியாதைக்குரியது.

அடுத்த முறை தரை உறுதியான இடமாகப் பார்த்துக் கயாக்கை நங்கூரமிட்டு, இறங்கி மெதுவாக நடந்து போங்கள்.