வைஃபை பலவீனமா? பணப்பையைத் திறக்குமுன் பிழையைத் தேடுங்கள்

ரத்தோட்டையில் ஏற்றிய மிளகு கொழும்பில் நிறுக்கும்போது குறைகிறது என்றால் நாம் என்ன செய்வோம்? அடுத்த முறை இரண்டு கிலோ கூடுதலாகப் போட்டு அனுப்பிவிட்டுச் சும்மா இருப்போமா? இருக்க மாட்டோம். நமது தராசு பிழையா, மூடை ஓட்டையா, மிளகு சரியாகக் காயவில்லையா, அங்குள்ள தராசு பிழையா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வியாபாரத்தில் நமக்கு இந்தப் புத்தி நன்றாகவே உண்டு. வீட்டில் இன்டர்நெட் இழுபடும்போது மட்டும் அது எங்கே போகிறதோ தெரியவில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் பட்ட நட்டத்தை வைத்தே எழுதுகிறேன்.

மாத்தளை நகரில் எங்கள் கடை முன்னால், வீடு பின்னால். கணக்கு, விலை அனுப்புவது, வங்கி வேலை எல்லாம் வீட்டுப் பின்னறையில் இருக்கும் லெப்டொப்பில்தான். ஒருநாள் அஸர் நேரம் கொழும்பிலிருந்து ஒரு வாங்குநர் பேசினார். 600 கிலோ மிளகு வேண்டும், விலையையும் ஈரப்பதன் அறிக்கையையும் அரைமணி நேரத்துக்குள் அனுப்புங்கள் என்றார். நான் அனுப்பப் போனால் திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கவில்லை. ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தபோது அவர் வேறிடத்தில் வாங்கி முடித்துவிட்டார்.

கோபத்தில், வீடியோ பார்த்து லைனை முடிக்கிறாய் என்று சின்ன மகனை ஏசினேன். மறுநாளே லைன் தரும் கம்பனிக்குப் பேசி, பெரிய பக்கேஜுக்கு மாறினேன். இரண்டு மாதம் கூடுதல் பணமும் கட்டினேன். வட்டம் சுற்றுவது நிற்கவில்லை.

கண்டியில் வேலை செய்யும் மூத்த மகன் விடுமுறையில் வந்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. "வாப்பா, மொதல்ல எங்க கொறயுதுன்னு பாப்பம். அதுக்குப் பொறகு காசு செலவழிப்பம்" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைப் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை அவன் எனக்குச் சொன்னான்.

முதல் சோதனை: லைனா, வைஃபையா?

வெளியிலிருந்து வீட்டுக்கு வருவது லைன். ரூட்டரிலிருந்து லெப்டொப்புக்கு வருவது வைஃபை. இரண்டும் வேறு வேறு. பெரிய பக்கேஜ் முதலாவதைத்தான் கூட்டும். இரண்டாவதில் பிழை இருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை.

மகன் லெப்டொப்பை ரூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒரு கேபிளால் இரண்டையும் இணைத்து வேகத்தை அளந்தான். 18 மெகாபிட் காட்டியது. கேபிளைக் கழற்றிப் பின்னறையில் வைஃபையில் அளந்தபோது 2 தான். ஆக, லைனில் குறையில்லை. குறை வீட்டுக்குள். நான் கட்டிய கூடுதல் பணம் வீண்.

கேபிளில் அளந்தாலும் வேகம் குறைவாக இருந்தால் மாத்திரமே கம்பனிக்குப் பேச வேண்டும். அப்போதும் காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை அளந்து எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். கையில் கணக்கு இருந்தால்தான் பேச்சுக்கு எடை.

இரண்டாம் சோதனை: இடமா, லெப்டொப்பா?

பின்னறையில் அதே மேசையில் கைத்தொலைபேசியையும் லெப்டொப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் சிக்னல் குறைவு என்றால் பிழை இடத்தில். தொலைபேசியில் நன்றாக இருந்து லெப்டொப்பில் மட்டும் குறைவு என்றால் பிழை லெப்டொப்பில். ஐந்து நிமிட வேலை, செலவு இல்லை.

சிக்னலை இலக்கத்தில் காட்டும் இலவச செயலிகள் தொலைபேசிக்கு உண்டு. அது மைனஸ் கணக்கில் வரும். கடன் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கடன் கூடக்கூட நிலைமை மோசம். மைனஸ் 50 என்றால் மிக நன்று. 70ஐத் தாண்டினால் தடுமாறும். 80 என்றால் நம்பி வேலை செய்ய முடியாது. ஒவ்வொரு 3 குறையும்போதும் கிடைக்கும் சக்தி பாதியாகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் பின்னறையில் தொலைபேசியே மைனஸ் 81 காட்டியது. காரணத்தைச் சொல்ல வெட்கப்படுகிறேன். ரூட்டரை யாரும் தட்டிவிடாமல் இருக்கட்டும் என்று இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தவன் நானேதான்.

அலைக்கு முன்னால் என்ன நிற்கிறது?

வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பு அதைத் தடுத்துத் திருப்பிவிடும். பெரிய கண்ணாடியின் பின்பூச்சும் அப்படித்தான். தண்ணீர் அதைக் குடித்துவிடும். தண்ணீர்த் தாங்கி, மீன் தொட்டி, ஈரச் சரக்கு மூடை அடுக்கு எல்லாம் இதில் சேரும். நமது பழைய வீடுகளின் தடித்த செங்கல் சுவரும், கம்பி கட்டிய கொங்கிரீட் தட்டும் பெரிய தடைகள்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் உண்டு. 2000களின் நடுப்பகுதியில் தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களின் சிறு கண் நிலையங்களோடு வைஃபை மூலம் இணைத்தார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரும் இன்டெல் கம்பனியும் அதற்குத் துணைநின்றனர். கிராமத்து நோயாளியைத் தேனியிலிருந்த வைத்தியர் வீடியோவில் பார்த்துப் பேசினார். நமது வீட்டில் ஒரு சுவரைத் தாண்டாத அதே வகை வைஃபை அங்கு பல கிலோமீற்றர் போனது. எப்படி? உயரமான கோபுரம், ஒரே திசையை நோக்கிய அன்டெனா, இடையில் மரமோ கட்டடமோ இல்லாத நேர்ப்பார்வை. ஆக, தூரத்தை விட இடையில் நிற்கும் பொருளே பெரிய எதிரி.

அந்த வலையமைப்பை நடத்தியவர்கள் கண்ட இன்னொரு பாடம், கருவிகள் அதிகம் பழுதாகியது மோசமான மின்சாரத்தால் என்பது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை காணும் நமக்கும் இது பொருந்தும். இடி கேட்டால் ரூட்டரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ரூட்டரை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து, வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இறாக்கையில் வைத்தோம். அன்டெனாவை நிமிர்த்தினோம். தொலைபேசி மைனஸ் 62க்கு வந்தது.

இதோடு பார்க்க வேண்டிய மற்றவை:

1. ரூட்டரில் 2.4, 5 என இரண்டு அலைவரிசைகள் இருக்கலாம். 5 வேகமானது, ஆனால் சுவரில் தளர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் கூடுதல் தூரம் போகும். தூர அறைக்கு 2.4ஐப் பாவியுங்கள்.

2. பக்கத்து வீடுகளின் ரூட்டர்களும் 2.4இல்தான் பேசுகின்றன. ரூட்டரின் அமைப்பில் 1, 6, 11 ஆகிய சனல்களில் நெரிசல் குறைந்ததைத் தெரிவு செய்யுங்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை.

3. குசினியின் மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட இதே அலையில் இயங்குகிறது. ரூட்டரை அதன் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

4. யூ.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும்போது 2.4 வைஃபை குழம்பலாம். இன்டெல் கம்பனியே 2012இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. கழற்றிப் பாருங்கள்.

5. கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடைக்கு வந்துபோன எத்தனை பேரின் தொலைபேசியில் உங்கள் வைஃபை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

லெப்டொப்பில் இருந்த பிழை

ரூட்டரை மாற்றி வைத்த பிறகு தொலைபேசியில் எல்லாம் ஓடியது. அதே மேசையில் லெப்டொப் இன்னும் தடுமாறியது. இரண்டாம் சோதனையின் பலன் இங்கேதான் தெரிந்தது.

மகன் முதலில் டிவைஸ் மெனேஜரில் வைஃபை கருவியைத் திறந்து, மின்சாரத்தை மிச்சப்படுத்த அதை அணைக்க அனுமதிக்கும் இடத்திலிருந்த சரி அடையாளத்தை எடுத்தான். பிறகு அதன் டிரைவரைப் புதுப்பித்தான். கொஞ்சம் முன்னேற்றம், முழுமையாக இல்லை. அப்போதுதான், "வாப்பா, இதுட திரைய எப்பவாவது மாத்தினீங்களா?" என்று கேட்டான். மாற்றியிருந்தேன். உடைந்த திரையை ஒரு கடையில் கொடுத்துப் புதிது போட்டது நினைவுக்கு வந்தது.

பெரும்பாலான லெப்டொப்களில் வைஃபை அன்டெனா திரைச் சட்டத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் கீழேயுள்ள வைஃபை அட்டைக்கு வருகின்றன. திறந்து பார்த்தபோது ஒரு வயர் கழன்று தொங்கியது. அதைப் பொருத்தியதோடு எல்லாம் சரி. திரை மாற்றிக் கொடுத்தால், எடுக்கும்போதே கடையில் வைத்து வைஃபையைச் சோதித்து எடுங்கள்.

எல்லாம் செய்தும் ஓர் அறைக்குச் சிக்னல் வரவில்லை என்றால் மாத்திரம் ரிப்பீட்டர் வாங்கலாம். அதைச் சிக்னல் இல்லாத அறையில் வைத்துப் பயனில்லை, சிக்னல் நன்றாக உள்ள நடுவழியில் வையுங்கள். கணக்குப் பார்க்கும் லெப்டொப் ஒரே மேசையில் இருக்குமானால் என் ஆலோசனை, கேபிள் இழுத்துவிடுங்கள் என்பதே. 100 மீற்றர் வரை குறையாமல் போகும். சுவரும் மைக்ரோவேவும் அதை ஒன்றும் செய்யாது.

பெரிய பக்கேஜை நிறுத்திவிட்டேன். சின்ன மகனிடம் ஏசியது பிழை என்று சொல்லிவிட்டேன். அந்தக் கொழும்பு வாங்குநர் மட்டும் இன்றுவரை திரும்பவும் பேசவில்லை. லைன், இடம், கருவி என்ற இந்த வரிசையில் முதல் நாளே ஒரு மணி நேரம் செலவழித்திருந்தால் அந்த 600 கிலோ என் கையைவிட்டுப் போயிருக்காது.