வண்டிக் கொட்டகை: நாமே கட்டுவதா, கண்டிராக்டுக்கு விடுவதா?

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களில், மீனவர் கூட்டுறவுச் சங்கம் மீன் ஏற்றிச் செல்ல ஒரு சிறு சரக்கு வண்டி வாங்கினால், அதை நிறுத்த ஒரு கொட்டகையும் வேண்டியதாகிறது. உப்புக் காற்றில் வெறுவெளியில் நிற்கும் வண்டியைத் துரு விரைவில் தின்றுவிடும். கொட்டகையை அங்கத்தினர்களே முன்னின்று கட்டுவதா, முழுவதையும் கண்டிராக்டரிடம் ஒப்படைப்பதா என்பதில் சங்கக் கூட்டத்தில் இரு கட்சிகள் உண்டாவது இயல்பு. எது மலிவு என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எந்த வேலை யார் கையில் இருக்கவேண்டும் என்றும் கேட்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. முதலில் இடமும் உத்தரவும்

கடற்கரையையும் அதையொட்டிய உப்பு நீர்நிலைகளையும் காக்கும் விதிகள் 1991-இல் ஏற்பட்டு, 2011-இலும் 2019-இலும் மாற்றி வெளியிடப்பட்டன. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமாகவும் இருக்கிறது. ஆகையால் செங்கல் வாங்குமுன் ஊராட்சி, வருவாய்த் துறை, வனத்துறை ஆகியவற்றிடம் விசாரித்து, எழுத்து மூலமான அனுமதி பெறவேண்டும். இந்தப் பொறுப்பைக் கண்டிராக்டரிடம் தள்ளிவிடுவது தவறு. கட்டிடம் சங்கத்தினுடையது, விதி மீறினால் கெடுதலும் சங்கத்துக்கே.

2. மிச்சம் எவ்வளவு?

“கண்டிராக்டர் பாதிப் பணத்தை விழுங்கிவிடுவார்” என்று சிலர் சொல்வர். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைக் கணக்கில் கண்டிராக்டரின் லாபத்துக்கும் மேற்செலவுக்கும் சேர்த்து நூற்றுக்கு 15 கூட்டுவது வழக்கம். நியாயமான கண்டிராக்டரிடம் நாம் எதிர்பார்க்கக்கூடிய வித்தியாசமும் ஏறத்தாழ அவ்வளவே.

ஓர் உதாரணம் கொள்வோம். சாமானும் கூலியும் சேர்ந்து 1,00,000 ரூபாய் ஆகும் கொட்டகைக்குக் கண்டிராக்டர் 1,15,000 ரூபாய் கேட்கிறார். நாமே கட்டினால் மிச்சம் 15,000 ரூபாய். ஆனால் சாமான் வாங்கவும் வேலையை மேற்பார்க்கவும் அங்கத்தினர் இருவர் 30 நாட்கள் நிற்கவேண்டும் என்றால் அது 60 ஆள்நாள். ஒரு நாளுக்கு விழுவது 250 ரூபாய். அன்று வலைக்குப் போயிருந்தால் அதற்கு மேல் கிடைத்திருக்கும் எனில், அந்த மிச்சம் ஏட்டில் மட்டுமே இருக்கும் மிச்சமாகும்.

பாடு முறை நடக்கும் ஊர்களில் இதற்கு ஒரு வழி உண்டு. தமக்குப் பாடு இல்லாத நாளில் இருப்பவர்கள் முறை வைத்து மேற்பார்வைக்கு வந்தால் நஷ்டம் குறையும்.

3. மறைந்துபோகும் வேலைகள்

பணத்தைவிடப் பெரிய விஷயம் உப்பு. ஏரி மணலையோ உவர் நீரையோ கலவையில் சேர்த்தால், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். பூச்சு முடிந்த நாளில் நல்ல தூணும் கெட்ட தூணும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகையால் கீழ்க்கண்டவற்றைக் கட்டும்போதே பார்க்கவேண்டும்.

(அ) தண்ணீர்: இந்தியத் தர நிர்ணய விதி 456 (2000) கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்கிறது. நாவில் வைத்துப் பார்ப்பது போதாது. ஒரு புட்டி நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புக.

(ஆ) கலவை: கடலோரத்துக்கு அதே விதி எம் 30 தரத்துக்குக் குறையாத கான்கிரீட்டைச் சொல்கிறது. தண்ணீரின் எடை சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மேற்படலாகாது. அதாவது 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர். மணலிலுள்ள ஈரமும் இதில் அடங்கும். கொட்டுவதற்கு எளிதென்று மேலும் தண்ணீர் விட்டால் பலம் குறையும்.

(இ) கம்பியின் மேல்மூடல்: கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கவேண்டும். கொட்டுவதற்கு முன்பே அளந்து பார்க்கவேண்டும்.

(ஈ) நீராற்றல்: சாதாரண சிமெண்டுக்கு 7 நாட்களும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டுக்கு 10 நாட்களும் குறையாமல் நல்ல நீரால் ஈரம் காக்கவேண்டும்.

(உ) கூரை: சென்னைப் பகுதிக்குக் கட்டிட விதியில் வகுத்த காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்ததை நாம் மறக்கவில்லை. வண்டிக் கொட்டகையின் வாய் அகலமானது. அதன் வழியே புகும் காற்று கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும். தகடு சட்டத்தோடும், சட்டம் தூணோடும், தூண் அஸ்திவாரத்தோடும் இறுகப் பிணைந்திருக்கவேண்டும்.

4. நடுவழி

குஜராத்தில் 2001 ஜனவரி 26-இல் நிலநடுக்கம் உண்டானபின், பெரும்பாலான வீடுகளை வீட்டுக்காரர்களே கட்டிக்கொண்டார்கள். அரசு உதவிப் பணத்தைத் தவணைகளாகக் கொடுத்தது. நடந்த வேலையைப் பொறியாளர் பார்த்த பிறகே அடுத்த தவணை வந்தது. வீட்டுக்காரரின் அக்கறையும் பொறியாளரின் கண்ணும் ஒன்றுசேர்ந்ததே அம்முறையின் சிறப்பு. தனித்து நின்றால் இரண்டும் குறைபட்டவையே.

சங்கமும் இதைப் பின்பற்றலாம். படமும் மதிப்பீடும் பொறியாளரிடம் பெறுக. சிமெண்டு, கம்பி, மணல், தண்ணீர் ஆகியவற்றைச் சங்கமே வாங்கித் தரட்டும். கொத்து வேலை, கம்பி வேலை, கூரை வேலை ஆகியவற்றைத் தேர்ந்த வேலைக்காரருக்குக் கூலிக் குத்தகையாக விடுக. அஸ்திவாரக் குழி எடுத்தல், மண் நிரப்புதல், நீர் ஊற்றுதல் ஆகியவற்றை அங்கத்தினர் செய்யலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன் கூரை முடியும்படி நாள் குறிக்கவேண்டும்.

மேற்பார்க்க ஆளே இல்லாத சங்கம் கண்டிராக்டருக்கு விடுவதில் குற்றமில்லை. ஆயினும் மொத்தத் தொகை பேசாமல், ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் எழுதிக்கொள்ளுக. அஸ்திவாரத்தை மூடுமுன்னும் கான்கிரீட் கொட்டுமுன்னும் சங்கத்தார் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அடுத்த தவணை என்று நிபந்தனை வைக்கவேண்டும். பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைப்பது நலம்.

சங்கத்தின் பணம் பலருடைய சிறு சேமிப்பு. கண்ணுக்குத் தெரியும் வேலையை எவரிடமும் ஒப்படைக்கலாம். மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் மறையும் வேலையை மட்டும் பாராமல் விடலாகாது.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் கட்டிட வேலைக்குரிய நல்ல நீர் எங்கே கிடைக்கும்? பரிசோதித்தோமா?
2. மேற்பார்வைக்கு வரக்கூடிய அங்கத்தினர் யார் யார்? எந்த நாட்களில்?
3. அவர்கள் இழக்கும் வருமானத்தைக் கணக்கில் சேர்த்தால் மிச்சம் எவ்வளவு?
4. தவணைப் பணம் கொடுக்குமுன் வேலையைப் பார்த்துக் கையெழுத்திடப் பொறுப்பாளி யார்?